சரின்னு சொன்னா போதாது

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. காரணம் பாதி சோம்பேறித்தனம், பாதி அப்பா. சோம்பேறித்தனத்தைப் பத்தி எழுத ஒண்ணும் இல்லை. அப்பாவைப் பத்தி எழுதணும். அதுக்கு நடுவுல நிறைய ஏரோப்ளேன் வரும். ரெண்டுக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டு அடிக்க வராதீங்க. கடைசி வரைக்கும் படிச்சா புரியும் :-)

எங்க ஊர் திருப்பருத்திக்குன்றம். பட்டுப்புடவை எடுக்க காஞ்சிபுரம் வர்றவங்க பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் ரெண்டையும் சுத்திட்டு அப்படியே திரும்பிடுவாங்க. வேகவதி ஆத்தைத் தாண்டி கொஞ்ச தூரம் வந்தா எங்க ஊரு. ஜினகாஞ்சின்னு பழைய பேர். சமணர் கோயில், மண்டபத்துக் கூரையில ஓவியம், அமைதியான தெரு. சாயங்காலம் மொட்டை மாடியில பாய் போட்டுப் படுத்தா வானம் பூரா நம்மளுது.

அப்படிப் படுத்துக்கிட்டு ப்ளேன் பாக்கறது எனக்கு சின்ன வயசுப் பழக்கம். பாலிடெக்னிக்ல எலக்ட்ரானிக்ஸ் படிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். வேலை கிடைச்சது என்னமோ ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரியில. ஏரோப்ளேனுக்கும் அதுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஆனா ஆசை விடலை. இப்ப போன்லயே ஆப் வந்துடுச்சு. தலைக்கு மேல போறது எந்த ப்ளேன், எங்கேர்ந்து எங்க போகுது, எவ்ளோ உயரம்னு அதுவே சொல்லிடும். அப்பாவுக்கு இது பெரிய ஆச்சரியம். "அங்க போறவனுக்குத் தெரியுமாடா நாம பாக்கறது?"ன்னு கேப்பார்.

சரி, கதைக்கு வர்றேன்.

போன வருஷம் ஐப்பசி மாசம். அம்மா ஆரணியில அக்கா வீட்டுக்குப் போயிருந்தாங்க. வீட்ல அப்பா மட்டும். அப்பாவுக்கு சர்க்கரை உண்டு. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திரை. அன்னிக்கு ரத்த ரிப்போர்ட்டை வாங்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காமிச்சேன். "ராத்திரி மாத்திரையை நிறுத்திடுங்க, காலையில மட்டும் போதும். வயசாயிடுச்சு, சாப்பாடும் குறைஞ்சிடுச்சு, ராத்திரியில சர்க்கரை ரொம்ப இறங்கிடும்"னார். நான் அப்படியே ஷிஃப்ட்டுக்கு ஓடிட்டேன். ப்ரேக்ல மெஷின் சத்தத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு வீட்டுக்கு போன் போட்டேன். அந்தப் பக்கம் டிவி சத்தம், மழைச் சத்தம்.

"அப்பா, ராத்திரி மாத்திரை வேணாம்."

"சரிப்பா."

"காலையில மட்டும் போட்டுக்கங்க."

"சரி, சரி. நீ சாப்ட்டியா?"

முடிஞ்சுது. இருபது செகண்டு. கடமையை முடிச்ச திருப்தியோட டீ குடிக்கப் போயிட்டேன்.

அப்பா காதுல விழுந்தது "ராத்திரி மாத்திரை வேணும்". வேணாம், வேணும். நடுவுல ஒரே ஒரு எழுத்து. மழைக்கு பயந்து ராத்திரி கஞ்சியோட நிறுத்தியிருக்கார், மேல மாத்திரையையும் போட்டிருக்கார். விடியக்காலையில பால் வாங்க வரலையேன்னு எதிர்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டிப் பாத்து, பின்பக்கமா உள்ள போயி, உடம்பெல்லாம் வேர்த்து நினைவில்லாம கெடந்த அப்பாவைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. பொழச்சுட்டார். இன்னும் ஒரு மணி நேரம் யாரும் பாக்காம விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்ங்கறதை நான் இப்பவும் யோசிக்கறதில்லை.

அந்த ரெண்டு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்துக்கிட்டு எனக்கு ஞாபகம் வந்ததெல்லாம், நான் வருஷக்கணக்கா பொழுதுபோக்கா படிச்ச வானத்துச் சமாச்சாரம்தான். ஏன்னா நான் பண்ணின அதே தப்பை வானத்துல பண்ணியிருக்காங்க. செத்தவங்க எண்ணிக்கைதான் வேற.

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூர்லேர்ந்து ஒரு சரக்கு விமானம், ஃப்ளையிங் டைகர் கம்பெனியோட போயிங் 747, கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்துல இறங்க வருது. கன்ட்ரோலர் 2,400 அடிக்கு இறங்கச் சொல்றார். எப்படிச் சொன்னார்னா, ஒவ்வொரு எண்ணா: "டூ, ஃபோர், ஜீரோ, ஜீரோ". இங்கிலீஷ்ல "டூ"ன்னா ரெண்டு. "டூ"ன்னா "அந்த உயரத்துக்கு"ன்னும் அர்த்தம். விமானி காதுல விழுந்தது "நானூறுக்கு". அவர் பதிலும் சொன்னார், "ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ"ன்னு. கன்ட்ரோலர் அதைக் கவனிக்கலை. விமானம் மலையில மோதிடுச்சு. உள்ள இருந்த நாலு பேரும் போயிட்டாங்க.

எனக்கும் அந்த கன்ட்ரோலருக்கும் என்ன வித்தியாசம்? அவருக்காவது பதில்ல நானூறுன்னு ஒரு எண் வந்துச்சு, பிடிச்சிருக்கலாம். எனக்கு வந்தது வெறும் "சரிப்பா". அதுல தப்பு இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

அதனாலதான் வானத்துல "சரி"ங்கறது பதிலே கிடையாது. கன்ட்ரோலர் உயரம் சொன்னா உயரத்தை, திசை சொன்னா திசையை, ஓடுபாதை சொன்னா ஓடுபாதையை விமானி திருப்பிச் சொல்லணும். ரீட்பேக்னு பேர். அதோட முடியலை. திருப்பிச் சொன்னதை கன்ட்ரோலர் காதால வாங்கி, சரியான்னு பாத்து, தப்புன்னா உடனே திருத்தணும். அதுக்கு ஹியர்பேக். சுபாங்ல கோட்டை விட்டது இதைத்தான். எண்களைச் சொல்றதுக்கும் தனி உச்சரிப்பு இருக்கு. த்ரீ கிடையாது, ட்ரீ. ஃபைவ் கிடையாது, ஃபைஃப். நைன் கிடையாது, நைனர். இரைச்சல்ல ஃபைவும் நைனும் ஒண்ணாக் கேட்டுடக் கூடாதுன்னுதான். (எங்க ஊர்ல நயினார்னா சமணப் பெரியவங்க. எதுக்கு வானத்துல அவங்களைக் கூப்பிடறாங்கன்னு அப்பா கேட்டார்!)

இந்தக் காலத்துல, வீடியோ கால்ல அமெரிக்காவுல இருக்கற பேரனை கொஞ்சறோம், இன்னுமா இவங்களுக்கு இரைச்சல்னு கேப்பீங்க. நானும் கேட்டவன்தான். விஷயம் என்னன்னா, விமானமும் தரையும் பேசறது பெரும்பாலும் இன்னிக்கும் விஎச்எஃப் ரேடியோவுலதான். 118லேர்ந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். அதுவும் ஏஎம். நாம பாட்டு கேக்கற எஃப்எம் கிடையாது. எஃப்எம்ல சத்தம் தெளிவா இருக்குமேன்னா, அங்கதான் சூட்சுமம். எஃப்எம்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா பலமான சிக்னல் மட்டும் கேக்கும், இன்னொருத்தர் பேசினதே தெரியாது. ஏஎம்ல ரெண்டும் மோதி ஒரு கீச்சுச் சத்தம் வரும். "யாரோ குறுக்கப் பேசியிருக்கான்"னாவது தெரியும். சுத்தமான சத்தத்தை விட சந்தேகப்படற வாய்ப்புதான் முக்கியம்னு அப்படியே வெச்சிருக்காங்க. எல்லா நாட்டு விமானத்துலயும் அதே ரேடியோதான் இருக்குங்கறதால சட்டுனு மாத்தவும் முடியாது.

ஆனா அந்தக் கீச்சுச் சத்தமும் ஒரு தடவை காப்பாத்தலை. 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவு. பனிமூட்டம். ஒரே ஓடுபாதையில ரெண்டு 747. கேஎல்எம் விமானம் கிளம்பத் தயாரா ஒரு முனையில, பான் ஆம் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகாம நடுவுல. கேஎல்எம் விமானி கிளம்பறதைச் சொன்னதும் கன்ட்ரோலர் முதல்ல "ஓகே"ன்னார். அப்புறம்தான் காத்திருக்கச் சொன்னார். சரியா அந்த நேரத்துல பான் ஆம் "நாங்க இன்னும் பாதையிலதான் இருக்கோம்"னு குறுக்கப் பேச, கேஎல்எம் காக்பிட்ல தெளிவா விழுந்தது அந்த "ஓகே" மட்டும். மீதி கீச்சு. 583 பேர் செத்தாங்க. விமான வரலாற்றிலேயே பெரிய விபத்து. அதுக்கப்புறம் டேக்-ஆஃப்ங்கற வார்த்தையை உண்மையிலேயே பறக்க அனுமதி குடுக்கும்போது (இல்லேன்னா அதை ரத்து பண்ணும்போது) மட்டும்தான் சொல்லணும்னு ஆச்சு. மத்த நேரத்துல டிபார்ச்சர்.

சரி, ரீட்பேக் ஒழுங்கா இருந்தா எல்லாம் சரியாயிடுமா? அப்படின்னுதான் நானும் நெனச்சேன். நம்ம ஊர் விபத்தை மறுபடி படிச்சப்பதான் அந்த நெனப்பு போச்சு.

1996 நவம்பர் 12, சாயங்காலம். டெல்லியிலேர்ந்து சவுதியா 747 கிளம்பி மேல ஏறுது. கஜகஸ்தான்லேர்ந்து ஒரு ஐஎல்-76 டெல்லிக்கு இறங்குது. ரெண்டும் எதிரெதிர். அந்தக் காலத்துல டெல்லி வானத்துல பெரும்பகுதி விமானப்படைக்கு. பயணிகள் விமானம் போறதுக்கும் வர்றதுக்கும் சேத்து ஒரே பாதை. கன்ட்ரோலர் செஞ்சது சரியான வேலை. சவுதியாவை 14,000 அடியில நிக்கச் சொன்னார். கஜகஸ்தான் விமானத்தை 15,000 அடிக்கு மேல நிறுத்தினார். நடுவுல 1,000 அடி. எதிர்ல ஒரு 747 வருதுன்னும் எச்சரிச்சார். கஜகஸ்தான்காரங்களும் 15,000ல இருக்கோம்னு பதில் சொல்லிட்டாங்க. கேக்கறதுக்கு எல்லாம் பக்கா.

ஆனா விமானம் 15,000ல நிக்கலை. இன்னும் கீழ இறங்கிச்சு. ஹரியானாவுல சர்க்கி தாத்ரி ஊருக்கு மேல ரெண்டும் மோதிச்சு. 312 பேரும் 37 பேரும், மொத்தம் 349. ஒருத்தரும் பொழைக்கலை. நடுவானத்துல ரெண்டு விமானம் மோதின விபத்துகள்ல இன்னிவரைக்கும் இதுதான் பெருசு.

ஏன் இப்படி? நீதிபதி லகோத்தி தலைமையில விசாரணை நடந்துச்சு. அனுமதி இல்லாம கஜகஸ்தான் விமானம் கீழ இறங்கினதுதான் மூல காரணம்னு சொன்னாங்க. இங்கிலீஷ் புரிஞ்சதுல குறை, காக்பிட்ல ஒருத்தருக்கொருத்தர் ஒருங்கிணைப்பு இல்லாததுன்னு மத்த காரணங்களும் வந்துச்சு. எனக்கு மனசுல நின்னது ஒண்ணு. அந்த ஐஎல்-76ல கன்ட்ரோலரோட பேசறது ரேடியோ ஆபரேட்டர்னு தனி ஆள். அவர் முன்னாடி உயரம் காட்டற கருவி கிடையாது. விமானிகளோட தோளுக்கு மேல எட்டித்தான் பாக்கணும். அதாவது பதில் சொன்ன வாய் வேற, ஓட்டின கை வேற.

இந்தப் பக்கம் கன்ட்ரோலருக்கும் கண் பாதிதான். அவர்கிட்ட இருந்தது முதல்நிலை ரேடார் மட்டும். சுவத்துல பந்தை எறிஞ்சா திரும்பி வர்ற மாதிரி, ரேடியோ அலை விமானத்துல பட்டுத் திரும்பும். எந்தத் திசை, எவ்ளோ தூரம்னு தெரியும். எவ்ளோ உயரம்னு தெரியாது. திரையில ரெண்டு புள்ளி நெருங்கறது தெரியுமே தவிர, நடுவுல 1,000 அடி இருக்கா பூஜ்ஜியம் இருக்கான்னு சொல்லாது. வாயால சொன்ன உயரத்தை நம்பித்தான் ஆகணும். உயரத்தையும் காட்டற இரண்டாம்நிலை ரேடாருக்கான வேலை டெல்லியில நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. பயன்பாட்டுக்கு வரலை, அவ்ளோதான்.

இரண்டாம்நிலை ரேடார் எதிரொலியை எதிர்பாக்காது. "நீ யாரு? எவ்ளோ உயரத்துல இருக்கே?"ன்னு கேக்கும். விமானத்துல இருக்கற ட்ரான்ஸ்பாண்டர் பதில் அனுப்பும். யாருங்கறதுக்கு நாலு இலக்க எண், ஒவ்வொரு இலக்கமும் 0லேர்ந்து 7க்குள்ள. மொத்தம் 4,096 எண். அதுல 7600 வெச்சா "என் ரேடியோ போச்சு"ன்னு அர்த்தம். வாயே திறக்காம சொல்லிடலாம். முக்கியமான விஷயம், உயரத்தைச் சொல்றது மனுஷன் இல்லை, கருவி. ஆபரேட்டர் 15,000னு சொல்லி, திரையில 14,000னு வந்தா கன்ட்ரோலர் கத்தலாம்.

விபத்துக்கப்புறம் டெல்லியில போற பாதை, வர்ற பாதையைப் பிரிச்சாங்க. விமானங்கள்ல டிகாஸ்ங்கற மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயம்னு ஆச்சு. ரெண்டு விமானத்துக் கருவியும் தங்களுக்குள்ளேயே பேசி, ஒண்ணு தன் விமானியை "ஏறு"ங்கும், இன்னொண்ணு "இறங்கு"ங்கும். அதுலயும் ஒரு சிக்கல் வந்துச்சு. 2002 ஜூலை 1, ஜெர்மனி ஊபர்லிங்கன் மேல ரெண்டு விமானம். ஒண்ணை டிகாஸ் ஏறச் சொல்லுது, தரையிலேர்ந்து கன்ட்ரோலர் இறங்கச் சொல்றார். விமானி மனுஷன் பேச்சைக் கேட்டார். 71 பேர். அன்னிக்கு ராத்திரி சூரிக்ல அந்த கன்ட்ரோலர் தனியா ரெண்டு திரையைப் பாத்துக்கிட்டிருந்தார். டெலிபோன் லைன்ல பராமரிப்பு வேலை. பக்கத்து மையத்துல இருந்தவங்க ஆபத்தைப் பாத்துட்டு போன் அடிச்சு அடிச்சுப் பாத்திருக்காங்க, லைன் கிடைக்கலை. அதைப் படிச்சப்ப எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினது ஞாபகம் வந்துச்சு. கருவியும் கன்ட்ரோலரும் வேற வேற சொன்னா கருவி சொல்றதைத்தான் கேக்கணும்னு அதுக்கப்புறம் திட்டவட்டமா ஆச்சு.

நம்ம பக்கமும் வானம் லேசுப்பட்டது இல்லை. எங்க ஊருக்கு ஒரு பக்கம் மீனம்பாக்கம், தாம்பரத்துல விமானப்படை, வடக்கால அரக்கோணத்துல கடற்படையோட ராஜாளி தளம். 1992லேர்ந்து இருக்கு. அங்கேர்ந்து டியூ-142ன்னு ரஷ்யாக்காரன் விமானம் ஒண்ணு கிளம்பும். நாலு எஞ்சின், எட்டு விசிறி. தறி சத்தத்தையும் மீறிக் கேக்கும். 2017ல ஓய்வு குடுத்துட்டாங்க. இதுக்கெல்லாம் நடுவுல பரந்தூர்ல புது விமான நிலையம்னு 2022ல அறிவிச்சாங்க. ஏகனாபுரம் ஜனங்க ஏரியும் வயலும் போகுதேன்னு வருஷக்கணக்கா போராடறது உங்களுக்கே தெரியும். மண்ணுக்காக நடக்கற அந்தச் சண்டைதான் பெருசு, அதுக்கு தனிப் பதிவே போடணும். ஆனா வானத்துலயும் இடம் பிரிக்கணுமேங்கறது ரொம்பப் பேருக்குத் தோணறதில்லை. ராணுவம், கடற்படை, பயணிகள் எல்லாருக்கும் ஒரே வானம். டெல்லியில 1996ல ஒத்தைப் பாதை வந்தது இந்த மாதிரி பங்கு பிரிச்சதுலதான்.

கிழக்கால வங்காள விரிகுடா. அதுவும் சென்னை கன்ட்ரோலருங்க பொறுப்புதான், ரொம்ப தூரம் வரைக்கும். விஎச்எஃப் நேர்கோட்டுலதான் போகும். 35,000 அடியில பறக்கற விமானத்தோட கூட சுமார் 400 கிலோமீட்டர் வரைக்கும்தான் பேச முடியும், அதுக்கு மேல பூமி வளைவு மறைச்சிடும். கடல்ல கம்பம் நட முடியுமா? அதனால சிற்றலை ரேடியோ. சிலோன் ரேடியோ கேட்ட ஆளுங்களுக்குத் தெரியும், திடீர்னு கரகரன்னு போய்த் திரும்ப வருமே, அதேதான். இப்ப அதுக்குப் பதிலா செயற்கைக்கோள் வழியா எழுத்துச் செய்தி அனுப்பறாங்க. எழுத்துல வேணாமும் வேணுமும் குழம்பாது. ஆனா பதில் வர நேரம் ஆகும், ஓடுபாதை பக்கத்துல அது உதவாது. செய்தி அனுப்பற கம்ப்யூட்டர் படுத்துட்டா அதுவும் தலைவலி. 2025 நவம்பர்ல டெல்லியில விமானப் பயணத் திட்டங்களை அனுப்பற கணினி அமைப்பு கெட்டுப் போய், எல்லாத்தையும் கையால செய்யவேண்டியதாகி நூற்றுக்கணக்கான விமானம் தாமதமாச்சு. தாமதம்தான், விபத்து இல்லை. கெட்டுப் போனா மெதுவாப் போகணுமே தவிர மோதக் கூடாது. அது நல்ல வடிவமைப்பு.

அப்பா வீட்டுக்கு வந்ததும் இதெல்லாம் ஒரு மூச்சு சொன்னேன். குற்ற உணர்ச்சிதான், வேறென்ன. "இனிமே நான் என்ன சொன்னாலும் நீங்க சரின்னு சொல்லக் கூடாது, அப்படியே திருப்பிச் சொல்லணும்"னு பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். அப்பா சிரிச்சார்.

"டேய், இது தறியில நான் உனக்குச் சொல்லிக் குடுத்ததுதானேடா?"

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. கோர்வைப் புடவை பாத்திருப்பீங்க. உடம்பு ஒரு கலர், கரை வேற கலர். அதை நெய்ய குழித்தறியில ரெண்டு பேர் வேணும். அப்பா நடுவுல, நான் ஓரத்துல. ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் என் வேலை கரை நாடாவை விடறது. அப்பா கலரைச் சொல்லுவார். நான் அதைத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் நாடாவை விடணும். "உம்"னு சொன்னா தலையில ஒரு குட்டு. தப்பா விட்ட இழையை பத்து விரற்கடை தாண்டிக் கண்டுபிடிச்சா அத்தனையும் பிரிக்கணும். பட்டு இழை, அறுந்தா போச்சு. கூலியில பிடிப்பாங்க. அப்ப எனக்கு அது வெறும் அப்பாவோட கெடுபிடி.

இப்ப எங்க வீட்ல வழக்கம் இது. மாத்திரை விஷயம்னா நான் சொல்வேன், அப்பா திருப்பிச் சொல்வார், நான் "சரியா சொன்னீங்க"ன்னு முடிப்பேன். அதோட நிக்கறதில்லை. காலியான மாத்திரை அட்டையை அம்மா தினம் எண்ணிப் பாக்கறாங்க. வாய் என்ன சொல்லுச்சோ அதையே கை செஞ்சுதான்னு தெரியணுமே. அதான் எங்க வீட்டு இரண்டாம்நிலை ரேடார் :-)

போன வாரம் ஷிஃப்ட்லேர்ந்து போன் போட்டேன். டாக்டர் சொன்ன ஒரு சின்ன மாத்தத்தைச் சொன்னேன். பின்னாடி சூப்பர்வைசர் கூப்பிடறார், பாதி கவனம் அங்க. அப்பா திருப்பிச் சொன்னார். "சரிப்பா"ன்னு சொல்லிட்டு வெக்கப் போனேன்.

"என்னடா சரி? நான் மாத்திதானே சொன்னேன்?"

வேணும்னே தப்பா சொல்லிப் பாத்திருக்கார். நான் கேக்கவே இல்லை.

"அந்த மலேசியாக்காரனை மட்டும் திட்டினே"ன்னார்.

மறுபடி முதல்லேர்ந்து சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். இந்தத் தடவை கேட்டேன்.

பின்குறிப்பு: வீட்ல பெரியவங்களுக்கு போன்ல மருந்து சொல்றவங்க தயவுசெஞ்சு "வேணாம்", "வேணும்"ங்கற வார்த்தைகளையே விட்டுடுங்க. "நிறுத்திடுங்க", "போடுங்க"ன்னு சொல்லுங்க. எவ்ளோ இரைச்சலா இருந்தாலும் அது ரெண்டும் ஒண்ணு மாதிரி கேக்காது.